புகழும் தேடியதேட்டமோ?

ஒருவர் செய்த தீமைக்கு அவரே பொறுப்பாளி என்பது அறநூல்கள் யாவற்றுக்கும் பொதுவான துணிபு. கணவன் செய்த குற்றத்திற்காக மனைவியைத் தண்டிப்பதையோ, மனைவி பட்ட கடனுக்காகக் கணவனை இகழ்வதையோ நேர்மையுடையோர் எவரும் ஏற்பதில்லை. ஆயின், ஒருவர் செய்த நன்மையால் விளைந்த பெருமையை அவருடைய வாழ்க்கைத்துணை தமதெனக் கொள்ளும்போது நாம் தடையேதும் கூறுவதில்லை. அதனை இயல்பெனவும் அழகெனவும் கொள்கின்றோம். பழியைப் பங்கிடலாகாது, புகழை மட்டும் பங்கிடலாம் என்னும் இந்த வழக்கிற்கு நியாயம் யாது? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என்னுள் எழுந்தது ஒரு நூலகத்தில் அன்று. எமது ஊராகிய ஸ்கந்தபுரத்தில், ஒரு வீட்டு முற்றத்தில். கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன் குளத்தை அண்டிய இவ்வூரிலே வயலும் மேட்டுநிலப் பயிரும் செய்து வாழ்வோரே மிகுதி. 1996 இல் கிளிநொச்சி நகரத்து மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது இப்பகுதி அவர்களுக்கு இடங்கொடுத்தது. பின்னர், போரின் இறுதிக்கட்டத்தில், இடங்கொடுத்த ஊரே இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கி நடந்தது. மீண்டு வந்தோரில் பலருடைய வீடுகளில் ஓரிருவர் குறைந்திருந்தனர். நீதிமன்றம் என்பது எங்கள் ஊராருக்கு முன்னர் காணிப் பிணக்குக்கும் மாட்டுக் களவுக்கும் உரிய இடமாகவே இருந்தது. 2009 க்குப் பின்னரோ அது, காணாமற்போன மகனையும் கணவனையும் கேட்டுச் செல்லும் இடமாயிற்று.

அம்முற்றத்தில் நிகழ்ந்தது ஒரு பூப்புனித நீராட்டு விழா. வெளியூரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரை வீட்டுக்காரர் எல்லோருக்கும் அறிமுகஞ்செய்து வைத்தார். அவர் ஒரு சட்டத்தரணியின் மனைவி. கணவர் அந்நாளில் பலரும் பேசிய ஒரு பெரிய வழக்கிலே தோன்றிக்கொண்டிருந்தார். அம்மையாரும் அதனை மகிழ்வோடு எடுத்துரைத்தார்: பத்திரிகைகளில் வந்த செய்திகள், வெளிநாட்டார் வந்து கண்டு பேசியமை, கணவர் இரவிரவாகக் கோவைகளைப் புரட்டுதல் ஆகிய யாவற்றையும் கூறினார். ‘எங்கள் வழக்கு’ என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். அதிலே பொய்யேதும் இருக்கவில்லை. ஆரவாரமும் அளவுக்கு மிஞ்சி இருக்கவில்லை. கேட்டிருந்த நாங்களும் மகிழ்ந்தோம்.

தேநீர்த் தட்டோடு வந்த பெண் ஒருவர் அவ்விடத்திலே நின்றுவிட்டார். அவ்வழக்கின் மனுதாரர்களுள் அவரும் ஒருவர் என்பதை அம்மையார் அறிந்திருக்கவில்லை. அப்பெண் கேட்டது இதுதான்: “அக்கா, நாளைக்குத் தவணை எண்டால் அவர் இரவு நித்திரை கொள்ளுவாரோ? எனக்கெண்டால் நித்திரை வாறேல்லை. அவருக்கும் வராமல் விட்டால் நாளைக்குக் கோட்டிலை என்னெண்டு கதைப்பார் எண்டு யோசிக்கிறனான்.”

இக்கேள்வியிலே குத்தலோ குறையோ இல்லை, அன்பே இருந்தது. ஆயினும் அம்மையார் மறுமொழி கூற முடியாது இருந்தார். அவர் நாவைக் கட்டியது எது என்பதை நான் நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். ‘பெரிய வழக்கு’ என்னும் சொல்லே அன்று இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரு பெண்ணுக்கு அவ்வழக்கு பெரிதாயிருந்தமைக்குக் காரணம் அதனால் வந்த புகழ். மற்றவளுக்கு அது பெரிதாயிருந்தமைக்குக் காரணம் அவளுடைய வாழ்வில் அதனைவிட வேறெதுவும் எஞ்சாமை. முன்னையது பின்னையதிலிருந்தே பிறந்தது. ஒருவருடைய இழப்பின் பருமனே மற்றொருவருடைய பெருமையின் பருமனாக அமைந்தது.

இனி வினாவுக்கு வருவோம். வாழ்க்கைத்துணையின் செயலால் வந்த பெருமையில் ஒருவருக்குப் பங்கு உண்டா? உண்டெனின் எவ்வகைப் பங்கு?

யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை சொத்தினை மூன்றாக வகுத்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்பட்டது சீதனம். திருமண வாழ்வின்போது ஈட்டப்பட்டது தேடியதேட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பெற்று, 1806 இல் ஆங்கிலேயரால் சட்டவலு அளிக்கப்பெற்ற இவ்வழமை, பின்னர் 1911 இலும் 1947 இலும் கட்டளைச் சட்டங்களால் மாற்றமுற்றது. அவ்விவரங்கள் சட்ட மாணவர்க்குரியன. எமக்கு வேண்டியது அதன் உள்ளக்கருத்தே. கணவன் உழைத்துத் தேடியதாயினும் அது அவனுக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலிருந்து அவ்வுழைப்பைத் தாங்கிய மனைவிக்கும் அதிற் பங்குண்டு என்னும் கருத்து அது. உலகின் பல பகுதிகளில் மணமான பெண்ணின் உடைமை கணவனுக்குள் மறைந்துபோன காலத்தில் எம்மவர் இவ்வாறு எண்ணினர் என்பது குறைத்து மதிக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின், பொருளைப்போலப் புகழும் தேடியதேட்டமே எனலாமன்றோ? சட்டத்தரணி இரவிலே கண்விழித்து வாதத்தைத் தீட்டும்போது, பிள்ளைகளின் அழுகை அவர் செவியில் விழாதபடி காத்தவர் யார்? கட்டணம் தரவியலாத கட்சிக்காரருக்காக அவர் தோன்றும்போது, குறைந்த வருவாயில் அடுப்பெரித்தவர் யார்? பெயரறியாத குரல்கள் தொலைபேசியில் மிரட்டும்போது முதலில் அதனை எடுத்துக் கேட்டவர் யார்? மன்றிலே எழுந்து நிற்பவர் ஒருவரே. அவரை எழுந்து நிற்கவைத்த உழைப்பு இருவருடையது.

இந்நியாயத்தை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர் ஒரு நியாயவாதியின் மனைவியே. அவர் கஸ்தூரிபா காந்தி. 1901 இல் காந்தியடிகள் நேத்தாலை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய பணியைப் போற்றி அங்கிருந்த இந்திய மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளை அளித்தனர். அவற்றுள் ஐம்பது கினி மதிப்புள்ள பொன்னாரம் ஒன்று கஸ்தூரிபாவுக்கென்றே கொடுக்கப்பட்டது. பொதுப்பணிக்குக் கூலி பெறலாகாதெனக் கருதிய காந்தியடிகள் அன்றிரவு உறங்காது நடந்து, பரிசுகள் யாவற்றையும் மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பிலே விடுவதென முடிவுசெய்தார். பிள்ளைகளை முதலில் இணங்கவைத்தார். கஸ்தூரிபாவோ இணங்கவில்லை. ஆரம் உனது சேவைக்காகத் தரப்பட்டதா, எனது சேவைக்காகத் தரப்பட்டதா எனக் கணவர் வினவியபோது, உங்களுடைய சேவை எனது சேவையும் ஆகும், இரவுபகலாக நான் உங்களுக்காக உழைத்தது சேவையாகாதா என்ற கருத்துப்பட அவர் மறுமொழி கூறினார். இந்நிகழ்ச்சியை உலகறியச் சொன்னவர் காந்தியடிகளே. தம் சுயசரிதையில் இதனை மறைக்காது எழுதிய அவர், அம்மறுமொழி தம்மைத் தைத்ததென்றும், மனைவியின் சம்மதத்தை எவ்வாறோ பெற்றுக்கொண்டதாகவும் ஒப்புக்கொள்கிறார்.

இவ்வழக்கில் நாம் எவர் பக்கம் தீர்ப்பளிப்பது? என் கருத்தில் இருவரும் ஒவ்வொரு பகுதியில் வென்றனர். பங்கு உண்டா என்னும் வினாவில் வென்றவர் கஸ்தூரிபா. சேவை உன்னுடையதா என்னுடையதா என்று பிரித்துக் கேட்ட கேள்வியே நியாயமற்றது. கேட்டவரும் அதனை உணர்ந்தார். ஆனால், ஆரத்தை வைத்துக்கொள்ளலாமா என்னும் வினாவில் வென்றவர் காந்தியடிகள். ஏனெனில், அது மனைவியினுடையதன்று என்பதற்காக அன்று, கணவனுடையதும் அன்று என்பதற்காக. எவருடைய துன்பத்தைத் துடைக்கும் பணியால் அப்பரிசு வந்ததோ, அவர்களுக்கே அது உரியது. இருவருடைய உழைப்பும் சேர்ந்து தேடியதாயினும், அது இருவருக்கும் தேட்டமாகாத ஒரு பொருளாயிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். உழவன் விளைவித்த நெல்லும் வணிகன் ஈட்டிய ஊதியமும் உழைப்பிலிருந்து நேரே பிறப்பன. சட்டத்தரணியின் புகழோ அவ்வாறு பிறப்பதன்று. அதற்கு முதலாக இருப்பது மற்றொருவருடைய துயரம். மருத்துவரின் புகழுக்கும் இது பொருந்தும். நோயாளி இல்லையேல் கைராசிக்காரர் இல்லை. வழக்காளி இல்லையேல் வல்ல நியாயவாதி இல்லை. தம்முடைய துயரை எடுத்துரைக்கும் ஆற்றலோ அறிவோ தமக்கில்லாத ஒருவர் அதனை மற்றொருவர் கையிலே கொடுத்து, இதனைக் காத்துத் தருக என்கின்றார். அவ்வாறு கொடுக்கப்படுவதற்கு எம் மொழியிலே ஒரு சொல் உண்டு. அது அடைக்கலப் பொருள்.

சிலப்பதிகாரத்தை நினைவுகூர்வோம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். இடைக்குல முதுமகளாகிய மாதரி அதனைச் சுமையாகக் கருதவில்லை. பெரும் உவகையோடு ஏற்றாள் எனக் காப்பியம் காட்டுகிறது. அவ்வுவகை மாசற்றது. கண்ணகியின் துயரால் மாதரிக்குக் கிடைத்த பெருமையாயினும், அதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஏனெனில், அவள் மகிழ்ந்தது பெற்றதற்காக அன்று, காக்கும் தகுதி தனக்குண்டென நம்பப்பட்டதற்காக. அவ்வுவகையின் மறுபக்கத்தையும் காப்பியம் மறைக்கவில்லை. அடைக்கலம் இழந்ததறிந்த மாதரி எரியிற் புகுந்தாள். அம்முடிவை நாம் அறமெனக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் காப்பதில் மகிழ்ந்தவள் இழந்ததற்கும் தன்னையே பொறுப்பாக்கினாள் என்னும் பொருளை விட்டுவிடலாகாது. புகழை மட்டும் பங்கிடுவோம், பழியை விலக்குவோம் என்று நாம் முதலிற் கண்ட முறைகேடு மாதரியிடத்தில் இல்லை.

ஆகவே எனது துணிபு இதுவாகும்: பெரிய வழக்கொன்றினால் வரும் பெருமை முதுசமும் அன்று, சீதனமும் அன்று, தேடியதேட்டமும் அன்று, அஃது அடைக்கலப் பொருள். அதனைக் காக்கும் உரிமை சட்டத்தரணிக்கும் உண்டு, அவருடைய துணைக்கும் உண்டு. காப்பதிலே மகிழும் உரிமையும் இருவர்க்கும் உண்டு. செலவிடும் உரிமை இருவர்க்கும் இல்லை.

இதற்கு எழக்கூடிய தடைகள் இரண்டினை நோக்குவோம்.

முதலாவது தடை, இது மிகக் கடுமையான அறம் என்பது. வாழ்நாள் முழுவதும் மற்றொருவருடைய பணிக்காகத் தம் விருப்பங்களைக் குறைத்துக்கொண்ட ஒருவர், நாலு பேர் நடுவில் ஒருமுறை பெருமையாகப் பேசுவதையும் பறிப்பதா? இத்தடையில் உண்மை உண்டு. ஆனால் நான் பறிக்க முயல்வது பெருமிதத்தையன்று. அதன் இடத்தை மாற்றவே முயல்கின்றேன். பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன அவை. இவற்றுள் கல்வி கற்றவருக்கே உரியது. கணவன் கற்ற சட்டத்தை மனைவி தன் கல்வியென உரைத்தல் இயலாது. புகழ் அடைக்கலமானது என்பதை மேலே கண்டோம். எஞ்சியவை தறுகணும் கொடையும். இவ்விரண்டிலும் வாழ்க்கைத்துணைக்கு உள்ள பங்கு இரவற் பங்கன்று, சொந்தப் பங்கு.

எமது நாட்டிலேயே சான்றுண்டு. 1996 செப்டெம்பர் 7 ஆம் நாள் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். கொழும்பிலே விசாரிக்கப்பட்ட அவ்வழக்கில் 1998 யூலையில் இராணுவத்தினர் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அப்போது குற்றவாளி ஒருவர் கூறிய கூற்றிலிருந்தே செம்மணிப் புதைகுழிகள் பற்றிய செய்தி வெளிவந்தது. அக்கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவர உழைத்தோருள் சட்டத்தரணி குமார் பொன்னம்பலமும் ஒருவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்ட தமிழர் பலருக்காகவும் அவர் மன்றுகளில் தோன்றினார். 2000 சனவரி 5 ஆம் நாள் கொழும்பு வெள்ளவத்தையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர்; அஃது ஈண்டு எமது பொருளன்று. அவர் மனைவி ஒரு மருத்துவர். தமக்கெனத் தனித்த தொழிலும் மதிப்பும் உடையவர். இத்தகைய இல்லங்களில் ஒவ்வொரு காலையும் கணவனை வாசல்வரை சென்று வழியனுப்புவதே ஒரு தறுகண் செயலாகும். அஞ்சியும் தடுக்காதிருத்தல், தடுக்கும் உரிமை இருந்தும் அதனைக் கொடையாக விட்டுக்கொடுத்தல் ஆகிய இவை வெற்றியையோ பத்திரிகைச் செய்தியையோ வேண்டி நிற்பனவல்ல. வழக்குத் தோற்றாலும் இப்பெருமிதம் குன்றாது. தோல்வியிலும் குன்றாதது எதுவோ அதுவே சொந்தமானது என்று கொள்ளலாம்.

இரண்டாவது தடை சற்று நுட்பமானது. நீ கூறுவது நல்ல வழக்குகளுக்குப் பொருந்தும். கொடுஞ்செயல் புரிந்தவனென்று குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகத் தோன்றும் சட்டத்தரணியின் துணை என் செய்வது என்பது அத்தடை. குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்கும் நியாயவாதி ஒருவர் வேண்டும். அவரின்றி நடைபெறும் விசாரணை விசாரணையாகாது. அப்பணியும் அடைக்கலமே. எதிரியின் உயிரும் உரிமையும் அச்சட்டத்தரணியின் கையிலே கொடுக்கப்படுகின்றன. அதனை நேர்மையாகக் காத்தார் என்பதிலே அவருடைய துணை அமைதி கொள்ளலாம். ஆயினும் அவ்வமைதி எல்லையறிந்து நிற்றல் வேண்டும். இறந்தவரின் உற்றார் செவிகேட்க அவ்வெற்றியைக் கொண்டாட இயலுமா? இயலாதெனின், அங்கே காவல் முடிந்து செலவு தொடங்கிவிட்டது என்பது பொருள்.

இவ்வெல்லையே எல்லா வழக்குக்கும் உரைகல்லாகும் என நான் கருதுகின்றேன். நாம் கூறும் பெருமைச் சொல்லை, அவ்வழக்கின் துயரத்திற்குரியவர் தேநீர்த் தட்டோடு நின்று கேட்கும்போதும் மாற்றமின்றிக் கூற இயலுமாயின் அது பெருமிதம். அவர் வந்ததும் சொல்லை மாற்றவோ நிறுத்தவோ வேண்டியிருப்பின் அது செருக்கு.

இவ்வுரைகல் ஆடவருக்கும் உரியது. பெண்கள் பலர் சட்டத்தரணிகளாகவும் நீதிபதிகளாகவும் விளங்கும் இந்நாளில், ‘இன்னாரின் கணவர்’ என்று அறிமுகஞ்செய்யப்படும்போது முகஞ்சுருங்கும் ஆடவரை நாம் காண்கின்றோம். கணவனின் புகழிலே மனைவி நிறைவுகாண வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமுதாயம், மனைவியின் புகழிலே கணவன் குறைவு காண்பதைப் பொறுத்துக்கொள்கிறது. புகழை ஒரு சொத்தாக எண்ணுவதன் விளைவே இது. சொத்தெனின் எவர் பெயரில் எழுதப்பட்டது என்னும் கேள்வி எழும். அடைக்கலமெனின் அக்கேள்விக்கு இடமில்லை, இருவரும் காவலரே.

இறுதியாக எங்கள் ஊர் முற்றத்துக்குத் திரும்புவோம். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமற்போனோர் சிலருக்காக, 2013 இலிருந்து வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. தவணைக்குமேல் தவணையாக ஆண்டுகள் சென்றன. அம்மனுக்களுள் ஒன்றில், சரணடைந்தவரை மன்றிலே முன்னிலைப்படுத்துமாறு 2022 டிசெம்பரில் கட்டளை பிறந்தது. கட்டளை பிறந்ததேயன்றி ஆள் வரவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மாரும் மனைவியரும் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தகைய வழக்குகளில் வெற்றியென்ற சொல்லுக்கே பொருள் தெளிவாக இல்லை. அங்கே புகழ் என்று ஒன்று எவருக்கேனும் வருமாயின், அது காத்திருப்போரின் காத்திருப்பிலிருந்து கடனாக வந்ததேயாகும்.

அந்த அம்மையாரை ஈராண்டின் பின்னர் மற்றொரு வீட்டில் கண்டேன். வழக்கம்போல் ஒருவர் அவரைப் பெரிய வழக்குச் சட்டத்தரணியின் மனைவியென அறிமுகஞ்செய்தார். அவர் மறுக்கவுமில்லை, நாணவுமில்லை. “வழக்கு அந்தத் தங்கச்சியாக்களின்ரை. இவர் கொண்டுபோறார். தவணைக்கு முதல்நாள் ரெண்டு வீட்டிலையும் நித்திரை இல்லை” என்றார். முன்னைய நாளில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் ஈராண்டின்பின் அளித்த விடையென அதனை எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தில் பெருமிதம் இருந்தது. முன்னையிலும் மிகுதியாகவே இருந்தது. அப்பெண் பக்கத்தில் நின்று கேட்டிருந்தாலும் அதில் ஒரு சொல்லையும் மாற்றவேண்டியிருந்திராது.